மரத்திடம் பேசிய ஆங்கிலம்

போன வாரம் என் சின்ன மகள் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இன்ஃபினிட்டிவ்னா என்னாப்பா? டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க, போர்ட்ல எழுதியும் போட்டாங்க. ஒண்ணும் விளங்கல."

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இலக்கணம் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அது தெரியாமல் போயிருந்தால் இவளுடைய அக்கா இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க மாட்டாள். அன்று மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன், பிள்ளைகளே. உங்களில் யாருக்காவது அதே பக்கத்தில் முகம் சுருங்கியிருந்தால் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்து பாருங்கள்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் மலைகள் எல்லாம் சரிவு. விடியும்போது கத்தியும் வாளியுமாக ஏறி, மரம் மரமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு அதே வழியில் திரும்பி, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறைந்திருக்கும் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறுவது பெரிதில்லை. நிறைந்த வாளியோடு இறங்குவதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது. அப்படி இறங்கும்போது ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்தேன். வாளிப் பால் மண்ணில் போனது, முழங்கால் திரும்பிக்கொண்டது. வீக்கம் வடிந்த பிறகும் வலி போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடு பள்ளம் ஏறி இறங்க வேணாம்" என்றார். எங்கள் தோட்டத்தில் மேடு பள்ளம் இல்லாத இடம் என்றால் கோயில் வாசலும் துரை பங்களாவின் முற்றமும்தான்.

எங்கள் பேச்சில், ஒரு நாள் முழு வேலை செய்தால் ஒரு பேர் விழுந்தது என்போம். எனக்குப் பேர் விழாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. மனைவி மட்டும் மலைக்குப் போனாள். ஒரு நாள் சாயங்காலம் பெரிய மகள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் கார்மென்ட்ஸுக்குப் போறேன். பக்கத்து லயத்து அக்கா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுது."

அப்போது அவள் பதினோராவது முடித்து உயர்தர வகுப்பில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவிசாவளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த வகுப்பு வரைக்கும் போன முதல் ஆள் அவள். அவளுடைய அம்மா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, "வாயை மூடிட்டுப் படிடி" என்றாள். ஆனால் அந்தக் குரலில் பலம் இல்லை. மூன்று பேருக்குமே அது கேட்டது.

அந்த நேரத்தில்தான் பங்களா விஷயம் வந்தது. பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கத் தொடங்கியிருந்தார்கள். பங்களாவுக்குப் பின்னால் மட்டமான நிலத்தில் ஒரு வரிசை ரப்பர் மரங்கள் நிற்கின்றன. அங்கே பால் வெட்டிக் காட்டி, விளக்கமும் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று விடுதி மேனேஜர் கேட்டிருந்தார். மலை ஏற வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஆங்கிலத்தில் அவனே பேச வேண்டும். நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தால் வந்தவர்களுக்குச் சலித்துப்போகிறதாம்.

நானும் கையைத் தூக்கிவிட்டேன். வருகிற மாதம் ஒரு கூட்டம் வருகிறது, அவர்களுக்கு முன்னால் செய்து காட்டு, பார்க்கலாம் என்றார் மேனேஜர். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் குட் மார்னிங், தேங்க் யூ, ஸ்டாப். கடைசியாகச் சொன்னது பஸ்ஸில் கற்றது.

எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தவர் என்னோடு பால் வெட்டுகிற ஒரு சிங்களப் பெண். கீழே ஊரிலிருந்து வருபவர். பத்தாவது பதினோராவது படித்து ஆங்கிலத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர். கலியாணம், பிள்ளை, கணவனின் வேலை போனது என்று எல்லாம் சேர்ந்து அவரை எங்கள் மலைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தன. என்னை அய்யே என்பார், அண்ணன் என்று அர்த்தம். நான் நங்கி என்பேன், தங்கச்சி. பேச்சு பாதி சிங்களம், பாதி தமிழ். எந்தப் பாதி யாருடையது என்று எங்களுக்கே தெரியாது.

மழை பெய்தால் ரப்பர் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்து மரமெல்லாம் ஓடிவிடும். அதனால் மழைக் காலையில் எல்லோரும் பால் நிறுக்கிற கொட்டிலில் குந்திக்கொண்டு, மரம் காயுமா, இல்லை வேறு வேலைக்கு அனுப்புவார்களா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சமே இல்லை. அந்த மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெய்தது. மழையைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்த மாதம் மட்டும் தகரத்தில் சத்தம் கேட்டால் மனது லேசாகும்.

முதல் நாள் நங்கி கேட்டார். "அய்யே, வெட்டுறேன், வெட்டினேன், வெட்டுவேன், வெட்டுறாங்க. இதுல யாரு, எப்பங்கிறது எல்லாம் இருக்குதானே? யாருன்னும் இல்லாம எப்பன்னும் இல்லாம, அந்த வேலையை மட்டும் சொல்லுங்க பாப்பம்."

நான் யோசித்தேன். "வெட்ட."

"ஆன்! சிங்களத்துல?"

"கபன்ன."

"இங்கிலீஷ்ல டு கட். அவ்வளவுதான். நம்ம ரெண்டு பேரும் சொல்லுக்கு வால் வைக்கிறோம். அவங்க முன்னால ஒரு டு வைக்கிறாங்க."

இதுதான் பிள்ளைகளே இன்ஃபினிட்டிவ். தமிழ் வாத்தியார் எங்களுக்கு வினையெச்சம் என்று சொல்லித் தந்ததில் ஒரு வகை. வெட்ட, போக, குடிக்க, பார்க்க. டு கட், டு கோ, டு ட்ரிங்க், டு ஸீ. பயந்து பயந்து நான் தேடிக்கொண்டிருந்த சாமான் பிறந்ததிலிருந்து என் வாயிலேயே இருந்திருக்கிறது.

நங்கி அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். "உங்களுக்கு இருக்கிறது கொஞ்ச நாள். காலம் எல்லாம் படிக்க நேரமில்லை. வாண்ட், நீட், லைக், ட்ரை. இந்த நாலுக்கும் பின்னால டு போட்டு வேலையை வச்சா பங்களா ஆளுங்களோட பொழுது போயிரும்."

ஐ வாண்ட் டு ட்ரிங்க். யூ நீட் டு வெய்ட். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்தோம். மூன்றாம் ஆளுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். "ஷி வாண்ட்ஸ் டு கட்ஸ்" என்றேன்.

"அனே அய்யே, ஒரே சுமையை ரெண்டு பேர் தலையிலயும் ஏத்துறீங்களே. வாண்ட்ஸ் அந்த எஸ்ஸைத் தூக்கிருச்சு. பின்னால வர்றது கையை வீசிட்டு வரட்டும். நேத்து வேணும்னாலும் வாண்டட் டு கட். டுக்குப் பின்னால இருக்கிறது எதுக்கும் மாறாது."

அது எனக்குப் பிடித்துப்போனது. யார் வந்தாலும், எந்தக் காலமானாலும் மாறாத ஒரு சொல். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் எல்லாமே மாறிக்கொண்டிருந்தது.

இன்னொரு இடத்திலும் தடுக்கி விழுந்தேன். "ஐ கேன் டு கட்" என்றேன். கேன், மஸ்ட், வில் இவற்றுக்குப் பின்னால் டு வராது, ஐ கேன் கட் என்றே விட்டுவிட வேண்டும் என்றார். "ஏன்?" என்று கேட்டேன். "ஏன்னு எனக்கும் தெரியாது. டீச்சர் அடிச்சாங்க, நான் படிச்சேன். நான் உங்களை அடிக்கவா?" என்றார். கொட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் சிரிக்காமல், "அடிச்சாலும் தப்பில்ல, ஒரு கேனுக்கு இவ்வளவு நேரமா?" என்றார்.

வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதற்கும் பழக வேண்டியிருந்தது. நாம் 'பால் வெட்ட மலைக்குப் போறேன்' என்போம். எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் போவோம். அவர்கள் முதலில் போய்விட்டுப் பிறகுதான் எதற்கு என்று சொல்கிறார்கள்: ஐ கோ டு தி ஹில் டு கட். இதில் இரண்டு டு இருக்கிறது, பாருங்கள். முதலாவது இடத்தைக் காட்டுகிறது, அதற்குப் பின்னால் மலை. இரண்டாவது வேலையைக் காட்டுகிறது, அதற்குப் பின்னால் வெட்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் ஒரு மழைக்காலை முழுதும் குழம்பினேன். நீங்கள் குழம்ப வேண்டாம். டுவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

வீட்டிலும் விடவில்லை நான். "ஐ வாண்ட் டு ஈட்" என்பேன். "என்ன வேணும்னு தமிழ்ல சொன்னா சோறு வரும். இல்லாட்டி பங்களாவுல போய் வாங்கிக்கங்க" என்பாள் மனைவி. பெரிய மகள் மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஈட் சரிப்பா. ஈட்டுனு இழுக்காதீங்க" என்பாள். கார்மென்ட்ஸ் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் பக்கத்து லயத்து அக்கா லீவு முடிந்து போகும் நாளை விசாரித்து வைத்திருக்கிறாள் என்று சின்னவள் எனக்குச் சொல்லிவிட்டாள். விடுதிக்குக் கூட்டம் வருகிற வாரமும் அதே வாரம்தான்.

மழையில்லாத காலைகளில் முழங்காலுக்குத் துணி கட்டிக்கொண்டு, மலையடியில் ஓரளவு மட்டமாக இருந்த மரங்களை மட்டும் வெட்டப் போவேன். பால் வெட்டுகிறவன் தனி ஆள். காலையில் அவனுக்கு முன்னால் இருப்பது ஒரு பட்டை, அடுத்து இன்னொரு பட்டை. அதனால் பாடத்தை மரங்களுக்குச் சொன்னேன். கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுக்கும்போது, "ஃபர்ஸ்ட் ஐ நீட் டு புல் திஸ்." கத்தியை வைக்கும்போது, "ஐ யூஸ் திஸ் நைஃப் டு கட் தி பார்க்." சிரட்டையைச் சரி செய்யும்போது, "நவ் வீ நீட் டு வெய்ட்." ஒரு மரத்துக்கு ஒரு பாடம். பிழைவிட்டால் அடுத்த மரத்தில் திருத்திக்கொள்வேன். பக்கத்து வரிசையிலிருந்து நங்கியின் குரல் வரும்: "கேக்கல அய்யே! கொஞ்சம் பலமா!"

ஒரு நாள் அவரிடம் கேட்டே விட்டேன். அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "நங்கி, என்னைவிட உங்களுக்குத்தானே இங்கிலீஷ் நல்லா வரும். அந்த வேலைக்கு நீங்களே கேட்டிருக்கலாமே?"

அவர் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "எனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அந்த நாள் வந்தது. முந்தின இரவு மழை இல்லை. பட்டைகள் காய்ந்திருந்தன. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெளிநாட்டுக்காரர்கள் தொப்பியும் கமராவுமாக ஒரு சின்னக் கூட்டம். மேனேஜர் பளபளக்கிற சப்பாத்தோடு ஓரமாக நின்றார். அன்று நங்கிக்குக் கிடைத்த மரங்கள் அந்த வரிசைக்கு மேலே உள்ள மேட்டில்தான். அங்கிருந்து எல்லாம் தெரியும்.

குட் மார்னிங் சொன்னேன். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். கத்தியை எடுத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. திஸ் இஸ் எ ரப்பர் ட்ரீ. ஃபர்ஸ்ட் ஐ நீட் டு புல் திஸ். ஒட்டுப்பாலை இழுத்தேன். ஐ யூஸ் திஸ் நைஃப் டு கட் தி பார்க். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கத்தியை இழுத்துக்கொண்டே வந்தேன். பால் வெள்ளைக் கோடாக இறங்கியது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. ஒரு டு கூட இடம் மாறவில்லை. நானா இப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம். கடைசியாக, நவ் வீ நீட் டு வெய்ட், என்று சொல்லிச் சிரட்டையை நேராக்கினேன்.

பின்னால் சத்தமே இல்லை. ரசித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது மேட்டிலிருந்து நங்கி கத்தினார். "அய்யே! ஹெரென்ன! ஹெரென்ன!"

திரும்புங்க, திரும்புங்க என்று சிங்களத்தில். திரும்பினேன். இரண்டு பேர் தூரத்தில் நின்று ஒரு மலையணிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமாக மரத்துக்கு முகம் காட்டி நின்றே வேலை செய்தவன் நான். ஒரு மாதமாக மரத்துக்கே பேசியும் பழகியிருந்தேன். அன்றைக்கும் வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கற்றுக்கொண்ட ஆங்கிலம் முழுவதையும் பட்டைக்குச் சொல்லி முடித்துவிட்டேன். மரம் மட்டும்தான் கேட்டது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் சொல் வரவில்லை. மரத்தைப் பார்த்தால் வருவது மனித முகத்தைப் பார்த்தால் வர மறுத்தது. பக்கத்து லயத்து அக்கா மூட்டை கட்டிவிட்டிருப்பாள் என்ற நினைவுதான் வந்தது.

கூட்டத்திலிருந்த ஒரு நடுவயது அம்மா மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். தண்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி என் முகத்தைப் பார்த்தார். சிரட்டையைக் காட்டினார், கத்தியைக் காட்டினார். மெதுவாகச் சொன்னார்.

"ஐ வாண்ட் டு ட்ரை."

அந்தச் சொற்கள் எனக்குள் எவ்வளவு நேராக இறங்கின என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பால் கொட்டிலில், தகரச் சத்தத்துக்கு நடுவில் எத்தனை தடவை கோத்த வரி அது. வாண்ட், பிறகு டு, பிறகு வேலை. செய்து பார்க்க விருப்பம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொல்லி நான் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் வாக்கியம் அதுதான்.

"யூ வாண்ட் டு ட்ரை?" என்றேன்.

"யெஸ்!"

"கம். பட் ஃபர்ஸ்ட், யூ நீட் டு புல் திஸ்." அடுத்த மரத்துக்குப் போய் ஒட்டுப்பாலின் நுனியை அவர் கையில் கொடுத்தேன். அவர் இழுத்தார். அது ரப்பர் அல்லவா, நீண்டுகொண்டே வந்தது. அவர் பின்னால் நடக்க நடக்க அதுவும் கூடவே போய், கடைசியில் பட்டென்று விட்டு அவர் கையில் அடித்தது. அவர் 'ஓ' என்று கத்திச் சிரித்தார். அணில் பார்த்தவர்கள் ஓடி வந்தார்கள். கொட்டாவி விட்டவரும் வந்தார்.

கத்தியை அவர் கையில் வைத்து நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். இப்போது எனக்கு முன்னால் மரம் இருந்தது, மரத்துக்கு அந்தப் பக்கம் முகங்கள் இருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது. சொல் வந்துவிட்டது. "ட்ரை நாட் டு கட் டீப்" என்றேன். ஆழமாக வெட்டாமல் இருக்கப் பாருங்கள். நாட் என்பது டுவுக்கு முன்னால் வர வேண்டும் என்று நங்கி சொல்லியிருந்தார். அந்த அம்மாவின் வெட்டு கோணல்மாணலாகத்தான் போனது. ஆனாலும் பால் வந்தது. சொட்டு சிரட்டையில் விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ட்ரை பண்ண வேண்டும் என்றாகிவிட்டது. அவர்கள் கேட்டதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காதபோது, "ஐ ஆம் ஸாரி, ஐ நீட் டு லேர்ன்" என்றேன். அதற்கும் சந்தோஷப்பட்டார்கள்.

கூட்டம் தேத்தண்ணிக்குப் போன பிறகு மேனேஜர் வந்தார். "மொதல்ல மரத்துக்கா வகுப்பு எடுத்தீங்க?" என்றார் சிங்களத்தில்.

"ஆமா சேர். பழக்கதோஷம்."

அவர் சிரித்துவிட்டார். "திங்கக்கெழமையிலருந்து வாங்க. ஆனா மரத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

வீட்டுக்கு வந்தபோது பெரிய மகள் வாசலில் பாவாடையை மடித்துச் சொருகிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழமையிலருந்து எனக்குப் பங்களாவுல வேலை. நீ பஸ்ஸுக்குப் போ" என்றேன். அவள் அலசியதையே மறுபடி அலசினாள். அவள் அம்மாதான் உள்ளேயிருந்து, "அந்த சோப்புக் கட்டியாச்சும் மிஞ்சட்டும்டி" என்றாள்.

இன்றைக்கும் அந்த வேலைதான் செய்கிறேன். இன்றைக்கும் மரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறேன். அது ஏதோ தொழில் முறை என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. எங்கள் லயங்களில் யாரும் யாருக்கும் வாயால் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. கலியாணத்துக்கு விறகு வெட்டிக் கொடுத்தாலும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் சரி. சொன்னால் அந்நியமாகப் போய்விடும். அடுத்த மழைக் காலையில் கொட்டிலுக்குப் போனேன். எனக்கு அங்கே இனி வேலை இல்லை. மனைவி கொடுத்துவிட்ட பலகாரத்தை நங்கியின் வாளி மூடியில் வைத்தேன். போகவும் முடியவில்லை, தமிழில் சொல்லவும் வரவில்லை. கடைசியில் ஆங்கிலம்தான் கை கொடுத்தது.

"நங்கி, ஐ கேம் டு தேங்க் யூ."

எதற்கு வந்தேன் என்பதைக் கடைசியில் வைத்துச் சொன்னேன், அவர் சொல்லித் தந்த மாதிரியே.

அவர் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். பிழை இருக்கிறதா என்று யோசிப்பது போலத் தலையைச் சாய்த்தார்.

"ஹரி, சரிதான் அய்யே. இந்தத் தடவை மூஞ்சியைப் பாத்துச் சொன்னீங்க" என்றார்.